பாதிரியாரை விட்டுவிட்டால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க இயக்குநர் டெரன்ஸ் மாலிக்கின் 'டு த வொண்டர்' படத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கதையே இல்லை, காதலர்கள் வயல்வெளியில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று குறைப்பட்டிருந்தார் கட்டுரையாளர். 2012இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டியபோதே கைதட்டலும் எதிர்ப்புக் கூச்சலும் சேர்ந்து எழுந்த படம். பிடிக்காதவர்கள் இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இரண்டு பக்கக் கட்டுரையில், படத்தில் வரும் பாதிரியார் ஃபாதர் குயின்டானாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

பாரிஸில் காதலித்த மரினாவும் நீலும் அமெரிக்காவின் ஓக்லஹாமாவுக்கு வந்து மெல்லப் பிரிகிறார்கள். இது பாதிப் படம்தான். அதே ஊரில் பங்குத்தந்தையாக இருக்கும் குயின்டானா மீதிப் பாதி. ஹாவியே பார்டெம் நடித்திருக்கிறார். சிறைக்குப் போய்க் கைதிகளைப் பார்க்கிறார், ஏழைகளின் வீட்டுக்குப் போகிறார், கோயிலில் பிரசங்கம் வைக்கிறார். ஆனால் கடவுள் தன்னோடு இருக்கிறார் என்ற உணர்வு மட்டும் அவருக்கு வருவதே இல்லை. ஒரு நாள் யாரோ வந்து கதவைத் தட்டுகிறார்கள். மனிதர் திறக்காமல் உள்ளேயே ஒளிந்து நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் இதைக் கதையில்லாத படம் என்று எப்படிச் சொல்வார்கள்?

நீலுக்கும் அதே நோய்தான். பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் அவனால் வாய் திறக்க முடிவதில்லை. சாமான்களே இல்லாத அந்த வீட்டில் அவள் ஆடுகிறாள், அழுகிறாள், அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்புறம் அந்த மண். தொடக்கத்தில் பிரான்ஸின் மோன் சான் மிஷேலில், கடல் நீர் வடிந்து கிடக்கும் ஈர மணலில் இருவரும் மிதிக்கிறார்கள். காலடியில் தரை மெத்தைபோல் அசைந்து கொடுக்கிறது. ஓக்லஹாமாவிலோ மண்ணிலும் நீரிலும் நஞ்சு கலந்திருக்கிறதா என்று சோதிப்பதே நீலின் வேலை. லுபெஸ்கியின் ஒளிப்பதிவை அழகு அழகு என்று புகழ்ந்த கட்டுரையாளர் இந்த இரண்டு மண்ணையும் கவனித்திருக்க வேண்டும்.

நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா இறந்தபிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஜெபமாலையைக் கையில் உருட்டினேனே தவிர, மனதில் ஒன்றும் ஓடவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. விசுவாசம் குறைந்துபோச்சு என்பார்கள். அந்த நேரத்தில்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். உள்ளே வறண்டு கிடந்தாலும் குயின்டானா வீடு வீடாகப் போகிறாரே, நோயாளிகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறாரே, அதைப் பார்த்து அழுதுவிட்டேன்.

புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2013 ஏப்ரலில் இறப்பதற்கு முன் கடைசியாக எழுதிக் கொடுத்த விமர்சனம் இந்தப் படத்துக்குத்தான். பாராட்டித்தான் எழுதியிருந்தார்.

கட்டுரையாளர் இன்னொரு முறை பார்க்க நேர்ந்தால், கோயிலின் வண்ணக் கண்ணாடி ஜன்னலைத் துடைக்கும் அந்தப் பெரியவர் வரும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்கட்டும். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, வெளிச்சத்தின் சூடு தெரிகிறது என்கிறார் அவர், பக்கத்தில் நிற்கும் குயின்டானாவிடம்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
நாகர்கோவில்