விளையாட்டு பீரியடைப் பிள்ளைகளுக்கே விட்டுவையுங்கள்

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல அரசுப் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைப்பவள்தான். அடுத்த கூட்டத்தில் குடிநீர், சத்துணவு, கட்டடம் எல்லாம் பேசி முடித்ததும் கலைந்துவிடாதீர்கள். பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றியும் பேசுங்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது வருடம் முழுவதற்கும் சொன்னது. நம் பள்ளிகளிலோ ஜூனில் திறந்து செப்டம்பர் வரை ஏதோ நடக்கிறது. அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் மைதானம் குளமாகிவிடும். ஜனவரியில் திருப்புதல் தேர்வு, ஸ்பெஷல் கிளாஸ். பத்தாம் வகுப்புக்கு பி.டி. பீரியட் டைம்டேபிளில் மட்டும்தான் இருக்கும். கணக்கு டீச்சரோ அறிவியல் சாரோ வந்துவிடுவார். அவர்களைக் குறை சொல்லவில்லை, ரிசல்ட் கேட்டு நெருக்குவதே நாம்தான். அப்புறம் ஏப்ரல், மே வந்தால் வெயில். வீட்டுக்குள்ளேயே போனும் கையுமாக லீவு போய்விடுகிறது.

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் வேதனை. ஆறாம் வகுப்பில் கோ-கோவில் யார் கைக்கும் சிக்காமல் ஓடிய பிள்ளை, வயதுக்கு வந்தபின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு எப்படி ஓடுவாள்? ஓடிக் குதித்தால் எலும்பு உறுதிப்படும் வயதே அதுதான். அப்போது பார்த்து உட்கார வைக்கிறோம். விளையாட்டு நாளில் டி-ஷர்ட், ட்ராக் பேன்ட் போட்டு வர அனுமதி வேண்டும். நாப்கின் மாற்றத் தண்ணீர் வரும் கழிப்பறை வேண்டும். இதையெல்லாம் அவள் பி.டி. சாரிடம் வாய்விட்டுக் கேட்க மாட்டாள். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அம்மாக்களே, அவளுக்காக நீங்கள் கேளுங்கள்.

மழை நாளுக்கு வராந்தா போதும். வகுப்புக்குப் பத்து ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால், முறை வைத்து எல்லாப் பிள்ளைகளும் குதிக்கலாம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டால் பாண்டி ஆடலாம். பரீட்சைக் காலத்திலும் பி.டி. பீரியடை வேறு பாடத்துக்கு எடுப்பதில்லை என்று தலைமை ஆசிரியரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

கோடை விடுமுறையில் மைதானத்தைப் பூட்டி வைக்க வேண்டாம். வெயில் ஏறுவதற்குள், காலை ஆறிலிருந்து எட்டு வரை திறந்துவிட்டால் கபடியோ கால்பந்தோ ஆடிவிட்டு வீடு திரும்பிவிடுவார்கள். யார் பார்த்துக்கொள்வது என்றுதானே கேட்பீர்கள்? பெற்றோர்களே நாளுக்கு இரண்டு பேராக முறை வைத்துக்கொள்ளலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பேச்சோடு விடாமல், தீர்மானமாகவே பதிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்