திமூர் சர்வரோக நிவாரணி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் திமூர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நேபாளத்திலும் உத்தராகண்டிலும் விளையும் இந்த மசாலாவைப் பற்றித் தமிழில் எழுத ஆள் கிடைத்ததே என்று சந்தோஷமாகப் படிக்க ஆரம்பித்தால், பாதிக்கு மேல் சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்வு என்று எல்லா நோய்க்கும் இது ஒன்றே மருந்து என்கிற பாட்டுதான். அந்த மலைக்காரர்கள் இதை இப்படிக் கண்டதற்கெல்லாம் எடுப்பதில்லை.

அவர்களுக்கு இது முதலில் பல்லுக்கான செடி. முள் அடர்ந்த புதரிலிருந்து விரல் பருமன் குச்சியை ஒடித்து, முள்ளைச் சீவி, நுனியை மென்று பல் துலக்குவார்கள். பல்வலி என்றால் காயின் தோலைக் கடைவாயில் அடக்கிக்கொள்வார்கள். எலுமிச்சை வாசனை முதலில் வரும் (எலுமிச்சை, கறிவேப்பிலை எல்லாம் இதன் குடும்பம்தான்), அப்புறம் நாக்கு சுறுசுறுக்கும், கொஞ்ச நேரத்தில் உதடு மரத்தே போகும். சான்ஷூல் என்ற வேதிப்பொருளின் வேலை அது, சீனச் சமையலில் போடும் சிச்சுவான் மிளகிலும் இதே சங்கதிதான். அஜீரணம், வயிற்று உப்புசம், சளி ஆகியவற்றுக்கும் எடுப்பார்கள். ஆயுர்வேதத்தில் இதைத் தும்புரு என்பார்கள். சட்னிக்கு அரைக்கும்போது கறுப்பு விதையை உதிர்த்துவிடுவார்கள், இல்லாவிட்டால் வாயில் மணலாக நறநறக்கும். மேல்தோலை மட்டும் லேசாக வறுத்து இடிப்பார்கள், அதுவும் ஒரு சிட்டிகைதான்.

கட்டுரையில் துளியும் இல்லாத விஷயம், உத்தராகண்டின் கார்வால் பகுதியில் இந்தச் செடிக்கு இருக்கும் மரியாதை. அங்கே இதன் பெயர் திம்ரு. பத்ரிநாத், கேதார்நாத் கோயில்களில் இதன் தடியைக் காணிக்கையாக வைப்பதுண்டு. பூணூல் சடங்கில் பையன் கையில் கொடுப்பதும் திம்ரு தடிதான், கண்ணேறு படாமல் இருக்க வாசலிலும் வைப்பார்கள்.

இன்னொன்று இருக்கிறது, எனக்கு முக்கியமாகப் படுவதும் அதுதான். டெஹ்ரி மாவட்டம் ஜௌன்பூர் பகுதியில் ஜூன் கடைசியில் மௌன் மேளா என்று மீன்பிடித் திருவிழா நடக்கும். காய்ந்த திம்ரு பட்டையைக் கிராமத்தார் இடித்துப் பொடியாக்கி வைத்திருந்து, மேளதாளத்தோடு போய் யமுனையில் சேரும் அக்லார் ஆற்றில் கொட்டுவார்கள். மீன்கள் மயங்கி மிதக்கும், ஆணும் பெண்ணுமாக ஊரே இறங்கிப் பிடிக்கும். சிக்காத மீன்கள் கொஞ்ச நேரத்தில் தெளிந்து நீந்திப் போய்விடும் என்பார்கள்.

ஆற்று மீனையே மயங்க வைக்கும் சரக்கு இது. உங்கள் கட்டுரையோ 'இயற்கையானது என்பதால் பக்கவிளைவே கிடையாது, தினமும் ஒரு ஸ்பூன் பொடி சாப்பிடலாம்' என்கிறது. இது யார் சொன்ன அளவு? சிட்டிகைக்கும் ஸ்பூனுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் இதைப் படித்துவிட்டு ஆன்லைனில் பொடி வாங்கினால் என்ன செய்வது? அந்த வரியைத் திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் தினசரி எடுக்க வேண்டாம் என்று அதிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்