ஃபோர்டுக்கு முந்தியே ஓடுன வண்டி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல அமெரிக்காவுல முதல்ல கார் செஞ்சது ஹென்றி ஃபோர்டுன்னு போட்டிருந்தீங்க. அது தப்பு ஐயா. ஃபோர்டு தன்னோட முதல் வண்டிய ஓட்டிப் பாத்ததே 1896 ஜூன்லதான், ஆனா 1893 செப்டம்பர்லயே மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டு ஊர்ல ஃப்ராங்க் டுர்யே பெட்ரோல் வண்டிய ரோட்டுல எறக்கிட்டாரு.

அண்ணன் சார்லஸ், தம்பி ஃப்ராங்க், ரெண்டு பேருமே சைக்கிள் தொழில் பாத்தவங்க. 70 டாலருக்கு பழைய குதிரை வண்டி ஒண்ணு வாங்கி அதுல ஒத்தை சிலிண்டர் இன்ஜின மாட்டுனாங்க, அதுலயும் அண்ணன் பாதியிலயே வேற ஊருக்குப் போயிட்டாரு, பட்டறையில நின்னு வேலைய முடிச்சது தம்பிதான்.

நான் புளியரையில லேத் பட்டறை வச்சிருக்கேன். ஆரியங்காவு ஏத்தத்துல மக்கர் பண்ற கேரளா லாரியெல்லாம் நம்மகிட்டதான் வரும், அதனாலயோ என்னவோ 1895 நவம்பர்ல நடந்த சிகாகோ ரேஸ் எனக்கு மனசுலயே நிக்குது. பனி கொட்டிக் கெடக்கு, 54 மைல் தூரம், கிளம்புனது ஆறு வண்டி, வந்து சேந்தது ரெண்டே ரெண்டு. வழியில ஃப்ராங்க் வண்டிக்கு சக்கரத்த திருப்பற ஸ்டீயரிங் ஆர்ம் ஒடிஞ்சு போச்சு, மனுஷன் ஒரு கொல்லப்பட்டறைய தேடிப் பிடிச்சு அங்கயே இரும்ப காய்ச்சி அடிச்சு மாட்டிட்டு, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் போயும் முதல் ஆளா வந்து 2000 டாலர் பரிசு வாங்குனாரு.

அடுத்த வருஷம் ஒரே மாதிரி 13 வண்டி செஞ்சு வித்தாங்க. அமெரிக்காவுல ஒரே டிசைன்ல வரிசையா கார் செஞ்சது அதுதான் முதல் தடவை. ஆனா 1898லயே கம்பெனி முடிஞ்சு போச்சு, அண்ணன் தம்பி பிரிஞ்சுட்டாங்க, வண்டிய செஞ்சது யாருங்கற சண்டை மட்டும் கடைசி வரைக்கும் தீரல. என்னைக் கேட்டா தம்பி பேரத்தான் முதல்ல போடணும்.

அந்த முதல் வண்டி வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்கு. அந்த 13ல ஒண்ணு டியர்பார்ன் ஊர்ல ஃபோர்டு பேர்ல இருக்கற மியூசியத்துலயே நிக்குது ஐயா! வர்ற ஞாயித்துக்கிழமை திருத்தம் போடுங்க, கூடவே அந்த வண்டி போட்டோவும் கொஞ்சம் பெருசா போடுங்க. எங்கிட்ட வேலை கத்துக்கற ஐடிஐ பசங்க ரெண்டு பேரு இருக்காங்க, அவங்களுக்காக அத வெட்டி எடுத்து பட்டறை சுவத்துல ஒட்டணும்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர்,
புளியரை, செங்கோட்டை வழி