தூக்குவாளி

புதுக்கோட்டை,
ஞாயிறு காலை.

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்கிறார், மீதிப் பாதியில் உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது. சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதும் அப்பா தெருவுக்கே சொல்லிவிட்டார். என்ன வேலை என்று கேட்டவர்களுக்குத்தான் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் பெரிய அத்தை, "பிள்ளை அமெரிக்காவுல என்ன படிக்குது?" என்றார். கல்லூரியில் மாணவர்களைக் கவனித்துக்கொள்கிற படிப்பு, இப்போது அந்த அலுவலகத்திலேயே பயிற்சி என்றேன். "வார்டன் வேலைக்கா அமெரிக்கா வரைக்கும் போகணும்?" என்று கேட்டுவிட்டு ரசம் வாங்கிக்கொண்டார். அத்தை குத்திக்காட்டக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே உன்னிடம் அதைத்தான் கேட்டேன்.

இருபத்தெட்டு வருடம் காப்பாளினியாக இருந்தவள் நான். அந்த வேலை எப்படி ஆளைத் தின்னும் என்று தெரிந்ததால்தான் உன்னை கம்ப்யூட்டர் படிக்கச் சொன்னேன். கணக்கும் போட்டேன். கம்ப்யூட்டர் படித்தால் முடித்த பிறகு அங்கே தங்கி வேலை செய்ய 12 மாதம் அனுமதி, மேலே இன்னும் 24 மாதம். உன் படிப்புக்கு வெறும் 12 மாதம். பல்கலைக்கழகங்களில் வேலை கிடைத்தால் எச்-1பி வேலை விசாவுக்குக் குலுக்கல் கிடையாது அம்மா என்று நீ ஆறுதல் சொன்னாய். சரி, நம்புகிறேன். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். படிக்கும்போதே பயிற்சி வேலை செய்வதற்கான அந்த சி.பி.டி. அனுமதி, கல்லூரி உன் மாணவர் விசாவுக்குக் கொடுத்த ஐ-20 தாளில் ஏறுகிற வரைக்கும் ஒரு நாள்கூட அந்த வேலையில் உட்காராதே. சும்மா வந்து பார் என்று அவர்களே கூப்பிட்டாலும் போகாதே. அரசாங்கத் தாளில் தேதி முன்னே பின்னே ஆனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாரத்தில் பாதி நேரம் டீன் அலுவலகம், பாதி நேரம் இல்லாத மாணவர்கள் வந்து இலவசமாகச் சாப்பாட்டுச் சாமான் எடுத்துக்கொள்கிற உணவு அறை என்றாய். அமெரிக்காவில் காலேஜ் பிள்ளைகளுக்குப் பசியா என்று அப்பாவுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லை. 1993-இலேயே மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தங்களுக்காக ஓர் உணவு வங்கி தொடங்கினார்கள் என்று நீ சொன்னபோது, ஒரு விடுதிக்காரியாக எனக்கு அது சட்டென்று புரிந்தது. பசி எல்லா ஊர்க் கல்லூரியிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் நீ சாதாரணமாகச் சொன்னாய், "முதல் குளிர்காலத்துல நானும் அங்க போய் எடுத்திருக்கேன்மா. நூடுல்ஸ், பீன்ஸ் டப்பா, ஒரு தடவை முட்டை." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அதற்கு முந்தின நிமிடம்தான் நீ உன் முதல் நாள் பாடத்தைச் சொல்லியிருந்தாய்: உள்ளே வருகிறவர்களிடம் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது, யாருக்கு எடுக்கிறாய் என்றும் கேட்கக் கூடாது. ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நீ பட்ட கஷ்டம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பாடத்தை எனக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ அப்போது நான்காம் வகுப்பு. விடுதிக்குப் பின்னால் குவார்ட்டர்ஸில் இருந்தோம், நீ சாயங்காலமானால் அக்காக்களோடு வரிசையில் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பாய். அந்த வருடம் பி.ஏ. முதலாண்டில் ஒரு பிள்ளை சேர்ந்திருந்தாள். வரிசையில் எப்போதும் கடைசி ஆள். பேச்சே கிடையாது. ஒரு நாள் சமையல்கார அம்மா வந்து, "மேடம், அந்தப் பிள்ளை சோத்த வாளியில அள்ளிட்டுப் போகுது" என்றார்.

சாப்பாடு வெளியே போகக் கூடாது என்பது விதி. தலைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்று பதிவேடு இருக்கும், தணிக்கைக்கு வந்தால் கிலோ கணக்கில் கேட்பார்கள். நான் நேராகத் துவைக்கிற கல் பக்கம் போனேன். சுற்றுச்சுவர் இடிந்த இடத்தில் வெளியே ஒரு பையன், எட்டு வயது இருக்கும், கையை நீட்டிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டான். நான் அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கினேன். வாளி என் கைக்கு வந்தது, மூடி அவள் கையிலேயே நின்றது. சாப்பாட்டுக் கூடத்துக்கு நடத்திக் கூட்டிவந்து அத்தனை பிள்ளைகள் முன்னால் கேட்டேன், "அரசாங்கச் சோத்தத் திருடத்தான் விடுதிக்கு வந்தியா?"

அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. மூடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றாள். அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு சிவப்பு மையில் பெயரை அடித்தேன். காத்திருந்த அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் அவள் அறைத்தோழி சொன்னாள். அம்மா செங்கல் சூளைக்குப் போய்விட, தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்த பாட்டி பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். பையனுக்கு அந்த ஒரு வேளைச் சோறுதான். இவள் பங்கில் பாதி அது.

நம் வீட்டில் புளி போட்டு வைத்திருக்கிற வாளி அதுதான். அதன் வயிற்றில் புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டியிருக்குமே, யார் பேரும்மா என்று சின்னதில் நீ கேட்டதற்கு, பழைய பாத்திரக் கடையில் வாங்கினேன் என்று பொய் சொன்னேன்.

நீ அனுப்பியிருந்த அந்த அலபாமா வழக்கை அப்பாவை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 1960 பிப்ரவரியில் மான்ட்கோமரி நீதிமன்றக் கட்டடத்திலிருந்த வெள்ளைக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடையில் கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்தார்கள். அதற்காக அலபாமா ஸ்டேட் கல்லூரியிலிருந்து ஒன்பது பேரை விசாரணையே இல்லாமல் நீக்கினார்கள். டிக்சன் என்ற மாணவர் பெயரில் வழக்கு நடந்து, 1961-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: அரசுக் கல்லூரி ஒரு மாணவரை வெளியே அனுப்புமுன் என்ன குற்றம் என்று சொல்ல வேண்டும், அவர் பதில் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் கல்லூரிகள் தங்களைப் பெற்றோர் இடத்தில் வைத்துக்கொண்டு எதையும் செய்தன என்று நீ எழுதியிருந்தாய். நானும் அன்று தாய் ஸ்தானத்தில் நிற்பதாகத்தான் நினைத்தேன், பாப்பா. ஒரு கேள்வி, என்ன கஷ்டம்மா என்று ஒரே ஒரு கேள்வி, தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் போதும்.

ஆனால் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் அதன் விவரத்தைப் பெற்றவர்களிடம்கூட கல்லூரி சொல்லக் கூடாது என்கிற அந்த அமெரிக்காவின் 1974 சட்டத்தை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லலாம் என்றாய். அதற்கு முன்னாலேயே வீட்டுக்குத் தெரிய வேண்டிய எத்தனையோ இருக்கிறது. இருந்தாலும், "வீட்டுக்கு மட்டும் சொல்லிடாதீங்க மேடம், கல்யாணம் பண்ணி வச்சிருவாங்க" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுத பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு பேருக்குப் படிப்பு என்னால் நின்றது. யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

போன மாதம் பழைய விடுதிப் பக்கம் போனேன். 2025-இல் அரசு விடுதிகளின் பெயரை மாற்றியதிலிருந்து வாசலில் சமூகநீதி விடுதி என்று இருக்கிறது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு உணவுப்படி 2023-இலேயே மாதம் 1,100-இலிருந்து 1,500 ஆக்கிவிட்டார்கள். ஆக, நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. அந்த இடிந்த சுவரை ஆள் உயரத்துக்கு எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

அத்தை திரும்பக் கேட்டால் இந்த முறை பதில் சொல்வேன். ஆமாம், வார்டன் வேலைதான், எனக்குத் தெரியாமல் போனதை என் மகள் படித்துக்கொண்டு செய்கிறாள் என்று சொல்வேன்.

உனக்கு என் அனுபவத்திலிருந்து கொடுக்க ஒன்றுதான் இருக்கிறது. மேசைக்குப் பின்னால் உட்காராதே. சாமான் அடுக்குகிற மாதிரி நின்றுகொண்டிரு. கையில் வேலை இருக்கிறவளிடம் பிள்ளைகள் பேசுவார்கள், பேனா வைத்திருக்கிறவளிடம் பேச மாட்டார்கள்.

நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப் பொடியும் போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த மாதம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன். அங்கே பனியில் காதை மூடிக்கொண்டு போ.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உணவு அறை வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல் இரண்டு தடவை திரும்பிப் போனான் என்று ஒரு பையனைப் பற்றிச் சொன்னாயே. பெயர் வேண்டாம், சொல்லக் கூடாதென்று தெரியும். இந்த வாரம் உள்ளே வந்தானா என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா