17 வருட நோட்டு

அன்புள்ள கண்ணா,

நாலு வருடம் ஓடிய மின்சார காரை வாங்கலாமா, இல்லை பெட்ரோல் காரே போதுமா என்று நேற்று போனில் கேட்டாய். உடனே பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போனை வைத்ததும் நம் பழைய காரின் செலவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

17 வருடக் கணக்கு அதில் இருக்கிறது. ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், இரண்டு தடவை டைமிங் பெல்ட், ஒரு தடவை கிளட்ச், ஃப்யூயல் பம்ப், சைலன்சர். தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய தொகை இல்லை. கூட்டிப் பார்த்தால் கார் வாங்கிய விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. கட்டும்போது ஒரு நாளும் அது எனக்கு உறைத்ததில்லை.

மின்சார காரில் என்ஜினுக்கான இந்தச் செலவுகள் எதுவுமே கிடையாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்குவதால் பிரேக் பேடும் பல வருடம் தாங்கும். டயர் மட்டும் சீக்கிரம் தேயும். வண்டியின் எடை அதிகம், எடுத்த எடுப்பிலேயே இழுவையும் அதிகம். கூலன்ட், பிரேக் ஆயில், 12 வோல்ட் சின்ன பேட்டரி எல்லாம் இதிலும் உண்டு.

சரி, பெரிய பேட்டரிக்கு வருகிறேன். அது ஒரே நாளில் செத்துப்போகும் என்று பயப்படாதே. பெரும்பாலும் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொள்ளளவு, அதாவது அது சேமிக்கும் மின்சாரத்தின் அளவு, குறையும். அதற்கு முதல் எதிரி சூடு. 2010இல் வந்த நிசான் லீஃப் என்ற மின்சார காரில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லை. அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் ஓடிய வண்டிகள் இரண்டே வருடத்தில் கொள்ளளவை இழந்ததாக 2012இல் புகார்கள் கிளம்பின. அதனால் நீ பார்க்கும் காரில் பேட்டரிக்குக் கூலன்ட் சுற்றுகிறதா என்று முதலில் கேள்.

அப்புறம் வாரண்டி. பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பொறுப்பேற்போம் என்பதுதான் பரவலான கணக்கு. அந்த 8 வருடம் கார் முதலில் விற்ற நாளிலிருந்து ஓடுகிறது. உனக்கு மிச்சம் நாலு வருடம்தான். இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்.

நீ பள்ளி முடித்த வருடம் என்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனது உனக்கு நினைவிருக்கும். மெக்கானிக் என்ஜினைப் பிரித்து, மூன்றே நாளில் சரிசெய்து கொடுத்தார். பெட்ரோல் காரின் பெரிய பலம் அதுதான், பிரித்துப் பார்க்க எங்கும் ஆள் உண்டு. மின்சார காரில் அடிப்பக்கம் இருக்கும் பேட்டரிப் பெட்டிக்குள் 400 வோல்ட் இருக்கும், சில வண்டிகளில் 800. அதற்கென்று பயிற்சி பெற்றவர்தான் கை வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்து, உள்ளே தனித்தனித் தொகுதிகளாக இருக்கும் மாட்யூல்களில் பழுதானதை மட்டும் மாற்ற முடிகிற வண்டி என்றால் தப்பித்தோம். முழுதாக ஒட்டி மூடியிருந்தால் மொத்தப் பெட்டியையும் மாற்றச் சொல்வார்கள். அடிப்பக்கம் கல்லிலோ மேட்டிலோ இடித்த வண்டியை இன்சூரன்ஸ்காரர்கள் சில சமயம் முழு நஷ்டம் என்று கழித்துவிடுவதும் இதனால்தான். ஆகவே வாங்கும் முன் காரை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கத்தைப் பார். பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும் காருக்குள்ளேயிருக்கும் சார்ஜரும் பழுதானால் தனியாகக் கிடைக்குமா என்றும் விசாரி. மோட்டாரைவிட எனக்கு அவற்றைப் பற்றித்தான் கவலை.

இவ்வளவு சொன்னாலும், கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் பேட்டரிச் சோதனை நன்றாக வந்தால் மின்சார காரையே வாங்கு என்பேன். நீ தினமும் நிறைய தூரம் ஓட்டுகிறாய். ஆனால் ஆயிலுக்கும் சர்வீஸுக்கும் போயிருக்கும் பணத்தை மாதாமாதம் தனியாக எடுத்து வை. அது மிச்சம் இல்லை கண்ணா, பின்னால் வரக்கூடிய ஒரே பெரிய செலவுக்கான பணம். நம் காரில் நான் 17 வருடம் சில்லறையாகக் கட்டியதை நீ முன்கூட்டியே சேர்க்கிறாய், அவ்வளவுதான்.

வாங்கிய பிறகு வெயிலில் முழு சார்ஜோடு நாள்கணக்கில் நிறுத்தி வைக்காதே. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இல்லையென்றால் தினசரிக்கு 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்.

சோதனை அறிக்கை கைக்கு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு நான் பேசும்வரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா