ஜூன் 3 இதழைப் படிக்க விடுங்கள்

நூலக நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். இதே வேண்டுகோளை இத்தாலிய மொழியில் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. எப்படியும் படிக்கப் போவதில்லை என்றால், எனக்குக் கோபம் சரளமாக வருகிற மொழியிலேயே எழுதிவிடுகிறேன்.

கேட்பது ஒன்றுதான். 'இல் ஜொர்னாலே' என்ற இத்தாலிய நாளிதழின் 1974 முதல் 1994 வரையிலான கட்டுகளை வாசகர்களுக்கு மறுபடி திறந்துவிடுங்கள்.

அந்தப் பத்திரிகையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. தான் எழுதிவந்த 'கொரியெரே தெல்லா சேரா' நாளிதழ் இடதுசாரிப் பக்கம் சாய்கிறது என்று சண்டை போட்டு வெளியேறிய பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி, 1974 ஜூன் 25 அன்று மிலானில் அதைத் தொடங்கினார். 1976 தேர்தலில், மூக்கைப் பிடித்துக்கொண்டாவது கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுங்கள் என்றவர் அவர். அவருடைய அரசியல் எனக்கு ஒத்துவராது. அதனால்தான் அவர் எழுதியதை அடுத்தவர் சொல்லிக் கேட்காமல் நானே படிக்க நினைக்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் சீட்டில் எழுதிக் கொடுத்த தேதி 1977 ஜூன் 3. முந்தின நாள்தான் 'சிவப்புப் படை' என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழுவினர் மொந்தனெல்லியின் கால்களில் சுட்டார்கள். அப்போது அவருக்கு வயது 68. பூங்காவின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழாமல் நிற்கப் பார்த்தார். மறுநாள் 'கொரியெரே'யின் தலைப்பில் அவர் பெயரே இல்லை. பல்லாண்டு அங்கே எழுதியவருக்கு அந்த மரியாதை! அவருடைய சொந்தப் பத்திரிகை அந்தக் காலையில் என்ன போட்டது? அதைத்தான் பார்க்க வந்தேன்.

கட்டு ஊருக்கு வெளியே கிடங்கில் இருக்கிறதாம். சரி, மைக்ரோஃபிலிம்? அது இருக்கிறது. ஊழியர் சுருளை எடுத்து வந்து என் கையிலேயே கொடுத்தார். ஆனால் கருவியில் பல்பு எரிந்துபோய் ஐந்து மாதமாகிறது. சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வது போல வரிகள். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. பக்கத்தில், முன்பு செய்தித்தாள் அறையாக இருந்த இடத்தில், காப்பி இயந்திரம் கனஜோராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பல்பெல்லாம் நன்றாகவே எரிகிறது.

'அந்தப் பேப்பரா, அதைப் போய் ஏன் படிக்கிறீர்கள்?' என்று உங்கள் அதிகாரி ஒருவர் சிரித்தார். 2016-இல் ஹிட்லரின் நூலை இணைப்பாகக் கொடுத்த பேப்பர்தானே என்கிறார். ஆமாம், அதே பேப்பர்தான். அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்குத்தானே பழைய கட்டுகள் வேண்டும்? 1977-இல், பின்னாளில் பிரதமரான தொழிலதிபர் பெர்லுஸ்கோனி பங்கு வாங்கி உள்ளே வந்தார். மூன்று தேசியத் தொலைக்காட்சிகள் வைத்திருப்பவர் நாளிதழும் வைத்திருக்கக் கூடாது என்று 1990-இல் சட்டம் வந்ததும், 1992-இல் தம்பி பாவ்லோவுக்கு விற்றார். வீட்டுக்குள்ளேயே கைமாறிய சொத்து! 1994 ஜனவரியில் அண்ணன் பெர்லுஸ்கோனி அரசியலுக்கு வரத் தயாராகி, ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கே வந்து பேசினார். சில நாட்களில், 84 வயது மொந்தனெல்லி தான் பெற்று வளர்த்த பத்திரிகையை விட்டு வெளியேறினார். அந்த வயதில் 'லா வோசே' என்று இன்னொன்று ஆரம்பித்தார். அது 1995 ஏப்ரலில் நின்றுபோனது.

இந்த இருபது வருஷத்தை ஒரு பத்தியில் நான் சொல்லிவிட்டேன். அன்றன்றைய முதல் பக்கத்தில் அது எப்படி நடந்தது, முதலாளியைப் பற்றி எந்தச் செய்தி உள்பக்கத்துக்குப் போனது, எது வரவே இல்லை என்பதெல்லாம் கட்டுகளில்தான் இருக்கிறது. பத்திரிகைச் சுதந்திரம் பற்றி வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைக்கிறீர்கள், திறப்பு விழாவில் ஒயின்கூட உண்டு. படிக்கத்தான் பத்திரிகை இல்லை.

மன்னிக்கவும், கொஞ்சம் கடுமையாகிவிட்டது. தயவுசெய்து 1974 முதல் 1994 வரையிலான கட்டுகளைத் திறந்துவிடுங்கள். கிடங்கிலிருந்து கொண்டுவர நாளாகும் என்றால், அதுவரை கருவிக்கு ஒரு பல்பு போடுங்கள். கருவியின் பின்பக்கம் இருந்த எண்ணைக் குறித்து வந்திருக்கிறேன். நிதி இல்லையென்றால் சொல்லுங்கள், நானே வாங்கி வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை மறுபடி வருவேன். அதே சீட்டு, அதே தேதி.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் அட்டை வைத்திருக்கும் ஒருவன்