பதினொரு புத்தகம், பதினாறு மூட்டை நெல்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் லேப் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் தங்கை மகள் பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். உடல் எப்படி இயங்குகிறது, நோய் எப்படி வருகிறது என்று படிக்கும் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். கல்லூரி திறந்த இரண்டாவது வாரமே, "மாமா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று ஒரு தாளை நீட்டினாள். கல்லூரியில் கொடுத்த புத்தகப் பட்டியல். மொத்தம் 11 புத்தகம். எதை முதலில் வாங்குவது, எதை நூலகத்தில் புரட்டினால் போதும், எந்தப் பதிப்பு, எந்த அத்தியாயம், எதுவும் இல்லை.

திருச்சியில் ஒரு கடையில் விசாரித்தோம். எல்லாம் சேர்த்து 16,400 ரூபாய் என்றார்கள். மாப்பிள்ளை குத்தாலம் பக்கம் ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலம் குத்தகைக்குச் செய்கிறார். "கொள்முதல் நிலையத்தில் போட்டால் பதினாறு மூட்டை நெல்லாச்சே" என்று சொல்லிவிட்டு அப்புறம் பேசவே இல்லை. இதில் ஒரு வேடிக்கை. கடைப் பையன் முதலில் எடுத்து வைத்த புத்தகத்தைத் திறந்தால் இசிஜி இயந்திரத்தின் சர்க்யூட் படம்! பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் என்று நினைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் "ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பண்ற படிப்பா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பட்டியல் போடும் ஆசிரியர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். உதாரணத்துக்கு, நோயைப் பற்றிய பேத்தாலஜி பாடத்துக்கு 'ராபின்ஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ராபின்ஸில் பெரியது ஒன்று, சின்னது ஒன்று என முக்கியமாக இரண்டு உண்டு. பெரியது டாக்டருக்கும் அதற்கு மேலும் படிப்பவர்களுக்கு. நோய் வந்த திசு எப்படி மாறுகிறது என்று ஒரு இளநிலை மாணவி புரிந்துகொள்ளச் சின்னதே தாராளம். 'சின்னது' என்று பட்டியலில் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எத்தனை வீட்டில் பணம் மிஞ்சியிருக்கும்!

உடல் இயங்கும் விதத்தைச் சொல்லும் பிசியாலஜிக்குக் கைட்டன். 1956-ல் முதல் பதிப்பு வந்த புத்தகம், ஆயிரம் பக்கத்துக்கு மேல். எனக்கு ரொம்பப் பிடித்தது. மாற்றலாகிப் போன ஒரு டாக்டர் கொடுத்த பழைய பிரதி இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. ஆனால் முதல் செமஸ்டரிலேயே அதைக் கையில் கொடுப்பது, நீச்சல் தெரியாத பிள்ளையை ஆடிப்பெருக்கன்று காவிரியில் இறக்கிவிடுகிற மாதிரி. ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட அனாடமி அண்ட் பிசியாலஜி புத்தகம் 2013 முதல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, திருட்டுப் பிரதி அல்ல. அதை ஒரு சுற்று முடித்துவிட்டுக் கைட்டனுக்குப் போனால் சிறுநீரக அத்தியாயம் கதை மாதிரி ஓடும்.

அடுத்தது பதிப்பு. எல்லாவற்றுக்கும் கடைசிப் பதிப்புதான் வேண்டுமாம். செல் உணவிலிருந்து சக்தி எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியைக் கண்டுபிடித்தது 1937-ல். பத்து வருடப் பழைய பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தில் அது ஊசிப்போயா இருக்கும்? சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கலாம். கிருமிகளைப் பற்றிய மைக்ரோபயாலஜி அப்படியில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் காசநோய் என்றால் சளியை ஸ்லைடில் தடவி, ஜீல்-நீல்சன் சாயம் போட்டு, கண் வலிக்க மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்குள் கிருமியையும் சொல்கிறது, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சொல்கிறது. அதற்கு முந்திய பதிப்பில் இது எப்படி இருக்கும்? நோய் எதிர்ப்பைப் பற்றிய இம்யூனாலஜியும் அதே கதைதான். எதிர்ப்புச் செல்களின் பிரேக்கை எடுத்துவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சைக்கு 2018-ல் நோபல் பரிசு, எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு வழிகாட்டிய ஆய்வுக்கு 2023-ல். புதுப் புத்தகத்துக்குக் காசு செலவழிக்க வேண்டியது இந்த இரண்டு பாடத்துக்கு.

அப்புறம் ஜெராக்ஸ். ஏழைப் பிள்ளைகள் எடுக்கத்தான் செய்வார்கள், நான் நீதி சொல்ல வரவில்லை. ஆனால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் ரத்தச் செல்லைப் படிக்கவே முடியாது. வெள்ளை அணு வகைகளில் ஈசினோஃபிலின் துகள் ஆரஞ்சு, பேசோஃபிலின் துகள் கருநீலம். ஜெராக்ஸில் இரண்டும் ஒரே கறுப்பு. பாக்டீரியாவை வகை பிரிக்கப் போடும் கிராம் சாயத்தில் ஊதாவா சிவப்பா என்பதில்தான் பாக்டீரியாவின் ஜாதகமே இருக்கிறது. படம் உள்ள புத்தகம் வகுப்புக்கு ஒன்றாவது அசலாக இருக்க வேண்டும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. எங்கள் வீட்டில் பலித்தது. தமிழக அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பாடநூல் தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. இரண்டையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிணநீருக்கு லிம்ஃப், எதிர்ப்பொருளுக்கு ஆன்டிபாடி என்று தங்கை மகள் நாற்பது பக்க நோட்டு ஒன்றை நிரப்பினாள். பெரிய புத்தகத்தைப் பார்த்து முன்பு அழுதவள் இப்போது என்னையே திருத்துகிறாள். இந்த வழியை எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

நம் மாவட்டத்துச் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பது அவர் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் ஒன்று. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் கட்டுகிறோம். போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி வைப்பது போல, டெல்டா மாவட்ட மைய நூலகங்களில் மருத்துவம் சார்ந்த இளநிலைப் படிப்புகளுக்கும் ஒரு அலமாரி ஒதுக்கலாம். பெரிய ராபின்ஸும் கைட்டனும் அங்கே இருக்கட்டும்.

இதுவரை மூன்று புத்தகம் வாங்கியிருக்கிறோம். சம்பா அறுவடை முடிந்ததும் நான்காவதற்குப் பணம் தருவதாக மாப்பிள்ளை சொல்லியிருக்கிறார். மிச்சம் எட்டில் அது எது என்று கல்லூரி அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்,
மயிலாடுதுறை மாவட்டம்.